ஓஏஇ பாஸ் என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதையெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஓஏஇ என்ற, உள்காதைச் சோதிக்கும் டெஸ்ட்டில் பாஸ் ஆகிவிட்டால் கவலையே வேண்டாம் என்று முடித்திருப்பது ஆபத்து. பல வருஷம் ஆடியாலஜிஸ்டாக, அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவனாக, வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அந்த டெஸ்ட்டில் காதுக்குள் ஒரு சின்ன முனையை வைத்துச் சத்தம் அனுப்புவார்கள். உள்காதின் நத்தைச் சுருளில் இருக்கும் வெளி மயிர்ச் செல்கள் நல்லபடியாக இருந்தால், பதிலுக்கு மிக மெல்லிய ஒலி ஒன்று திரும்பி வரும், அதை மைக் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். அதற்கு அப்பால் செவி நரம்பில் சுமார் 30,000 இழைகள் இருக்கின்றன, அவை மூளைத்தண்டுக்குப் போகின்றன, இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்வதில் ஒரு மில்லி விநாடிகூட இல்லாத வித்தியாசத்தை வைத்து அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அங்கே கணக்குப் போடப்படுகிறது, அப்புறம் நடுமூளை, தலாமஸ் எல்லாம் தாண்டிப் பெருமூளைப் புறணிக்குப் போன பிறகுதான் அது பேச்சாகப் புரிகிறது. இந்தப் பாதை எதையும் ஓஏஇ பார்ப்பதே இல்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றும் அளவுக்குப் போன குழந்தைகளுக்கும் பழுது இந்தப் பாதையில் வரக்கூடும். காமாலையில் ரத்தத்தில் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் அளவு மீறினால், மூளைத்தண்டில் கேட்பதற்கென இருக்கும் நரம்புச் செல் திரள்களைத் தாக்கும், உள்காதை விட்டுவிடும். உள்காது நன்றாக இருந்தும் நரம்புப் பாதையில் வரும் இந்தப் பழுதை ஆடிட்டரி நியூரோபதி என்பார்கள். நரம்பிழைகள் ஒரே நேரத்தில் துடிக்காமல், கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் கை தட்டுவது மாதிரி முன்னும் பின்னுமாகத் துடிக்கும். தட்டு கீழே விழுந்தால் குழந்தை திரும்பிப் பார்க்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்காது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "அவனுக்கு அடம், இஷ்டம் இருந்தா கேக்கும்." பாட்டி இருந்தால், அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான் என்பார். கையில் ஓஏஇ பாஸ் சீட்டு வேறு இருக்கும், பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இப்படியே இரண்டு, மூன்று வயதாகி வந்த குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மொழி பிடிபட வேண்டிய வயதே அதுதான்.

இதைக் கண்டுபிடிப்பது பெரா டெஸ்ட். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டி, குழந்தை தூங்கும்போது டிக் டிக் என்று சத்தம் கொடுத்தால், நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரையான அலைகள் பத்து மில்லி விநாடிக்குள் திரையில் வரிசையாக எழும். ஓஏஇ நன்றாக இருந்து இங்கே அலைகள் எழவில்லை என்றால் விஷயம் புரிந்துவிடும். ஊசி கிடையாது, வலி கிடையாது, குழந்தையைத் தூங்கவைப்பதுதான் பெரும்பாடு.

குறை தெரிந்தாலும் ஹியரிங் எய்டு மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், அது சத்தத்தைக் கூட்டும், துடிப்பின் ஒழுங்கைத் திருத்தாது. சில குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் வைத்து நரம்பை நேரே தூண்டும் கருவி, நன்றாகப் பலன் தருகிறது, பழுது எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது.

ஐந்து நாளுக்கு மேல் என்ஐசியூவில் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்த குழந்தைக்கும், ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைக்கும் பெரா எடுக்காமல் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டாம் என்று பெற்றோர் ஆஸ்பத்திரியில் வற்புறுத்த வேண்டும் என, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் ஒரு நாள் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆடியாலஜிஸ்ட்,
திருச்சி