மழையைக் காட்டி அபராதத்திலிருந்து தப்ப முடியுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் உள்ள நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பெருமழை என்று சொல்லிவிட்டால் போதும், வண்டல் வெளியேற்றத்துக்கான அபராதம் ரத்தாகிவிடும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மழைக்கு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அதை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் திண்மம் எந்த நாளிலும் லிட்டருக்கு 70 மில்லிகிராமையும், 30 நாள் சராசரியில் 35 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள கூட்டாட்சி விதி. மழை பெய்து அதனால் நீர் பெருகினால் அளவுகோல் மாறும். பெய்த மழை அந்த இடத்துக்குரிய ‘பத்தாண்டு, 24 மணி நேர’ அளவுக்குள் இருந்தால், படியும் திண்மம் லிட்டருக்கு 0.5 மில்லிலிட்டர் என்பது வரம்பு. அதையும் மீறிக் கொட்டினால்தான், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 6 முதல் 9 வரை இருக்க வேண்டும் என்பதைத் தவிர மற்றவை தளரும். பத்தாண்டு மழை என்றால் ஏதாவது ஓர் ஆண்டில் வருவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்புள்ள மழை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம்.

வெளியேற்றத்துக்கு மழைதான் காரணம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முழுக்கச் சுரங்கம் நடத்துபவருடையது. தொலைவில் இருக்கும் விமான நிலையத்தின் மழைக் கணக்கை நீட்டினால் வாதம் அங்கேயே படுத்துவிடும். மலைப் பகுதியில் ஒரு சரிவில் கொட்டும்போது அடுத்த சரிவில் தூறல்கூட இருக்காது. சுரங்கத்துக்குள்ளேயே நேரத்தோடு பதியும் மழைமானி வேண்டும். நீர் மாதிரி எடுத்த நேரமும் அந்தப் பதிவும் பொருந்த வேண்டும்.

0.5 மில்லிலிட்டரை அளப்பது அளவுக்கோடு போட்ட, அடி குறுகிய இம்ஹாஃப் கூம்பு என்ற பாத்திரத்தில். நன்றாகக் கலக்கிய மாதிரியை ஒரு லிட்டர் கோடுவரை ஊற்றி 45 நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். பிறகு கண்ணாடிக் குச்சியால் உட்சுவரை ஒட்டி மெதுவாகக் கிளறிவிட்டு, இன்னும் 15 நிமிடம் கழித்து அடியில் படிந்ததைப் படிக்க வேண்டும். மிதப்பதைச் சேர்க்கக் கூடாது. கிளற மறந்தால் சுவரில் ஒட்டிய சேறு கணக்கில் வராமல் அளவு குறைந்து காட்டும். மாதிரி எடுக்கும்போது பாட்டில் வாய்க்காலின் அடிமண்ணைத் தொட்டுவிட்டால் ஏறிக் காட்டும். இந்த முறையால் கண்டறிய முடிந்த குறைந்தபட்ச அளவே 0.4 என்று விதியே சொல்கிறது. வரம்புக்கும் அதற்கும் இடையே இருப்பது 0.1 மட்டுமே. ஆகவே 0.6 என்று வந்த ஒரே ஒரு அளவீட்டை எதிர்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது மாதிரி எடுத்தவரின் குறிப்பேட்டை.

மழை நிரூபணமானாலும், சுரங்க நீரை வெளியே விடும் முன் வண்டலைப் படியவைக்கும் குளம் காட்டிக்கொடுத்துவிடும். மேற்கு வர்ஜீனியாவில் தோண்டிக் கலைத்த ஒவ்வோர் ஏக்கருக்கும் 0.125 ஏக்கர்-அடி, அதாவது சுமார் 154 கன மீட்டர் வண்டல் கொள்ளளவு வேண்டும். அதில் 60 விழுக்காடு நிறைந்ததும் தூர் வாரிவிட வேண்டும். தூர் வாராத குளத்தில் நீர் நுழைந்த வேகத்திலேயே கலிங்கு வழியாக வெளியேறும். நுண்ணிய களிமண் படிய நேரம் கிடைக்காது. நுழைவாயும் கலிங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இதே கதிதான். இதைவிட மோசம், லாரிச் சாலையோர வாய்க்கால் உடைந்து தண்ணீர் குளத்தைத் தொடாமலே ஓடைக்குப் போவது. பல மாநிலங்களில் அதுவே தனி விதிமீறல். அங்கே சுத்தமான மாதிரியைக் காட்டியும் பயனில்லை.

நிறுவனங்களுக்கு உண்மையில் இடுக்கு கிடைப்பது, மீறல் எவ்வளவு மோசம் என்று புள்ளி போட்டு அபராதத்தை முடிவுசெய்யும் அட்டவணையில். கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. மேற்பரப்புச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் 1977 சட்டத்தின்கீழ் வந்த கூட்டாட்சி அட்டவணையில் (மாநிலங்களுடையது சற்று மாறும்) 31 புள்ளி வந்தால் அபராதம் கட்டாயம். 30 வரை அதிகாரியின் விருப்பம். தடுக்க வேண்டிய சேதம் நடந்தேவிட்டால் 15. அதோடு, சேதம் சுரங்கத்துக்கு அனுமதி பெற்ற பரப்புக்குள் நின்றால் 0 முதல் 7, வெளியே போனால் 8 முதல் 15. கவனக்குறைவுக்கு 8 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே நின்றால் அதிகபட்சம் 30 (15+7+8), வெளியே போனால் குறைந்தபட்சம் 31 (15+8+8). பழைய மீறல்கள் இருந்தால் அவையும் ஏறும். கலங்கிய நீர் எந்த எல்லைக்கல்வரை போனது என்று வக்கீல்கள் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். ஆய்வாளர் அன்றே எடுத்த படமும் அளவும் இல்லாவிட்டால் அரசுத் தரப்பு தடுமாறும்.

இதற்கு வெளியே, நீர் மாசைத் தடுக்கும் கூட்டாட்சித் தூய நீர்ச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் நிறுவனம் தானே அனுப்பிய கண்காணிப்பு அறிக்கையே அதற்கு எதிரான சாட்சி. நிலக்கரி நிறுவனங்களான மாஸி எனர்ஜி 2008-இல் 2 கோடி டாலரும், ஆல்ஃபா நேச்சுரல் ரிசோர்சஸ் 2014-இல் 2.75 கோடி டாலரும் கட்டச் சம்மதித்தது இந்தச் சட்டத்தின்கீழ்தான்.

விதிமீறல் அறிவிப்பை மறுப்பவர் 30 நாளுக்குள் மனுப்போட வேண்டும். அபராதத் தொகையை எதிர்த்து விசாரணை கேட்டால் அதை முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும். ஜெயித்தால் வட்டியோடு திரும்பும். மனுப் போட்டதாலேயே உத்தரவு நிற்காது. தற்காலிக நிவாரணம் கிடைக்காத வரை, வழக்கு நடக்கும்போதே குளத்தைத் தூர் வாரியாக வேண்டும். கெடு தாண்டினால் சுரங்க வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு வரும், நாளொன்றுக்கு அபராதமும் ஓடும். 1977 சட்டத்தில் அது குறைந்தது 750 டாலர். இப்போது பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
சுரங்கப் பொறியாளர், நெய்வேலி