மூன்று துண்டுத் தோலும் ஒரு சணல் கயிறும்

குன்னூர்,
ஆவணி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே. போனில் சொல்ல வேண்டியதை இந்தக் காலத்தில் எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், பின்னால் குக்கர் விசில் அடிக்கும், அதோடு போச்சு. அதுவும் போக, இந்தக் கவருக்குள் மூன்று துண்டுத் தோலும், முடிச்சுப் போட்ட ஒரு சணல் கயிறும் வைத்திருக்கிறேன். வாட்சப்பில் அதை அனுப்ப முடியாது.

எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு லெதர் சோபா வாங்கி அனுப்புகிறேன் என்று நீ சொன்னதும், "எதுக்குக் கண்ணு இவ்வளவு செலவு" என்றாள் உன் அம்மா. போனை வைத்த கையோடு மூன்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதனால் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நீ அனுப்பிய 7 படங்களையும் வைத்து எது நல்லது என்று எப்படிச் சொல்வது? மாட்டைப் படத்தில் பார்த்து எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. 38 வருஷம் குஷன் கடை நடத்தியவன் நான். சோபாவைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்காமல் எனக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் தோல் துண்டுகளை எடு. பின்பக்கம் 1, 2, 3 என்று எழுதியிருக்கிறேன்.

1 என்று எழுதியது எங்கிருந்து வந்தது தெரியுமா? நீ பிறப்பதற்கு முன்னால், ஒரு எஸ்டேட் பங்களாவிலிருந்து பழைய கைப்பிடி நாற்காலி ஒன்று வேலைக்கு வந்தது. ஸ்பிரிங் கட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தோல் வறண்டு போய் லேசாக வெடித்திருந்தது. எனக்கு அப்போது 24 வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. யாரும் சொல்லாமலே தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி, பழைய பனியன் துணியில் தொட்டு, நாற்காலி முழுக்கத் தேய்த்தேன். மினுமினுவென்று ஆகிவிட்டது. மேனேஜர் 20 ரூபாய் கூடக் கொடுத்தார். கார்த்திகை மழை முடிந்ததும் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் நாற்காலியெங்கும் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம், கிட்டே போனால் சிக்கு வாடை. எண்ணெய் தோலுக்குள் இறங்கிக் கெட்டுப்போய், தூசியையும் பிடித்து வைத்து, பூசணத்துக்கு விருந்து போட்டிருந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்து, என் செலவில் வேறு தோல் போட்டுக் கொடுத்தேன். கழற்றிய தோலில் கைப்பிடிக்கு அடியில் மடங்கியிருந்த பாகம் மட்டும் எண்ணெய் படாமல் தப்பியிருந்தது. அதைத்தான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன்.

அதன் விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் பார். மேலே நார் நெருக்கமாக இருக்கும், கீழே வர வரப் பஞ்சாகும். மேல்பரப்பில் மயிர்க்கால் துளைகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரு ஓரத்தில் நீளமாக ஒரு தழும்பு தெரிகிறதா? மாடு எங்கேயோ வேலியில் உரசியது. இதுதான் ஃபுல் கிரெய்ன். மேல்தோலை இழைக்காமல், மாடு வைத்திருந்தபடியே வைத்திருப்பது. தழும்பைப் பார்த்துப் பழுது என்று நினைத்துவிடாதே. தழும்பே இல்லாமல், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

2 என்பது டாப் கிரெய்ன். இதுவும் மேல்தோல்தான். ஆனால் மேலே லேசாக இழைத்து, தழும்பை எடுத்து, சாயப் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். 1 தண்ணீரைக் குடித்துக் கறுக்கும். 2-இல் சொட்டு அப்படியே முத்தாக நிற்கும், துடைத்தால் போய்விடும்.

3-ஐத் தொடும்போது கீழே பேப்பர் போட்டுக்கொள், உதிரும். இங்கே பக்கத்தில் வெலிங்டனில் ஒரு வருஷப் படிப்புக்கு வந்து போகிற ராணுவ அதிகாரிகள் வருஷா வருஷம் ஏப்ரல், மே மாதத்தில் ஊர் மாறும்போது சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள் இல்லையா, அப்படி ஒருவரிடம் நம் தெருக்காரர் வாங்கிய சோபா. அதிகாரி பொய் சொல்லவில்லை, பில்லிலேயே லெதர் என்றுதான் போட்டிருந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிய ஆரம்பித்தது. யார் உட்கார்ந்து எழுந்தாலும் சேலையில் கறுப்புச் செதில். இதற்குப் பெயர் பாண்டட் லெதர். தோல் தொழிற்சாலையில் மிஞ்சும் தூளையும் துணுக்கையும் பசையில் குழைத்துத் துணியில் ஒட்டி, மேலே பாலியூரித்தேன் பூசி, மாட்டுத்தோல் வரிகளை அச்சுக் குத்துவது. அந்தப் பூச்சுக்கு ஈரக்காற்றுதான் எமன். உட்காரவே உட்காராமல் மூடி வைத்திருந்தாலும் ஈரம் அதைத் தின்றுவிடும். சென்னைக் கடையில் ஏ.சி.யில் பார்க்கும்போது 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் தெரியாது. விளிம்பைப் பார்த்தால் தெரியும்: 3-இல் நார் இல்லை, துணியும் பிளாஸ்டிக்கும்தான். இதைவிட நேர்மையான பொருள் ரெக்சின். அது தன்னைத் தோல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

சரி, நமக்கு எது? 1 என்று நான் சொல்வேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, 2. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் அலமாரிக்குள் வைத்த செருப்பே பூசணம் பூக்கிறது. சாயப் பூச்சில்லாத தோல் சொகுசானது, வருஷம் ஆக ஆக அழகு கூடும், விலையும் அதிகம். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும். அம்மா காபி டம்ளரை எங்கே வைப்பாள் என்று உனக்கே தெரியும்.

இதைச் சொல்லும்போது உன் தாத்தா ஞாபகம் வருகிறது. அவர் சீகை மரத்தில் பட்டை உரிக்கப் போனவர். (சீயக்காய் இல்லை, வாட்டில் என்கிறார்களே, அந்த மரம்.) இந்த மலையில் புல்வெளியாக இருந்த இடத்தில் ஏக்கர் ஏக்கராகச் சீகை நட்டதே தோல் தொழிலுக்காகத்தான். பட்டையில் இருக்கிற துவர்ப்புதான் பச்சைத் தோலை அழுகாமல் லெதராக்கும். சமவெளியில் ஆவாரம்பட்டையை வைத்துச் செய்த அதே வேலை. சாயங்காலம் தாத்தா வீட்டுக்கு வந்தால் விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. இப்போது அதே சீகையைப் பிடுங்கி எறியச் சொல்லிக் கோர்ட்டில் உத்தரவு. கடையில் யாராவது "இது பட்டையில் பதனிட்ட தோல், இயற்கையானது" என்று பெருமையாகச் சொன்னால் தாத்தாவை நினைத்துக்கொண்டு தாண்டிப் போ. அந்தத் தோல் விறைப்பு. பெல்ட்டுக்கும் செருப்பு அடிக்கும் குதிரைச் சேணத்துக்கும் அதைப்போல வராது. சோபாவுக்குப் பெரும்பாலும் பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்டதுதான் போடுகிறார்கள், அதுதான் வளைந்து கொடுக்கும். தோல் ஆம்பூரா, ராணிப்பேட்டையா, எங்கிருந்து வந்தது, மாடா எருமையா என்று கேள். பதில் தெரிந்த கடைக்காரரிடம் மேற்கொண்டு பேசலாம். எருமைத் தோல் தடிமன், வரி கொஞ்சம் முரடு. அது ஒன்றும் குறையில்லை.

இன்னொரு சூட்சுமம். ஒரு மாட்டுத் தோல் ஏறக்குறைய 50 சதுர அடி வரும். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு முழுக்கத் தோல் போட்டால் நாலைந்து மாட்டுத் தோல் ஆகும். அதனால் உட்காரும் இடத்திலும் கைப்பிடியிலும் மட்டும் தோல் போட்டு, பின்னாலும் பக்கத்திலும் அதே நிறத்தில் ரெக்சின் போடுவது வழக்கம். அது திருட்டு இல்லை, சொல்லிவிட்டுச் செய்தால். நம் வீட்டில் முதுகுப்பக்கம் சுவரைப் பார்த்துத்தானே இருக்கப் போகிறது, அதற்கு எதற்குத் தோல்? ஆனால் எங்கெங்கே தோல், எங்கெங்கே ரெக்சின் என்று பில்லில் எழுதி வாங்கு. விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

தோலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் என் கடைக்கு வந்த சோபாக்களில் பாதிக்கு மேல் தோல் நன்றாகத்தான் இருந்தது, உள்ளேதான் செத்திருந்தது. முன்பக்கம் ஒரு மூலையைப் பிடித்து அரை அடி தூக்கு. அதற்குள் மறுபக்கத்து முன்காலும் தரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அது தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அப்புறம் கவிழ்த்துப் போடச் சொல். மாட்டேன் என்றால் அடுத்த கடை. அடியில் கறுப்புத் துணி அடித்திருப்பார்கள், ஒரு ஓரத்தில் பின்னை எடுத்துக் காட்டச் சொல்லலாம். மூலைகளில் மூலைக்கட்டை வைத்து, பசை போட்டு, ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறதா, இல்லை வெறும் ஆணியா? ஸ்பிரிங் இருக்கிறதா, நாடா மட்டும்தானா? பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிற ஜிக்ஜாக் ஸ்பிரிங் போதும். கையால் கயிறு கட்டிய சுருள் ஸ்பிரிங் என்றால் ராஜ போகம், ஆனால் அதைக் கட்டத் தெரிந்த கை குறைந்துவிட்டது. (என் கை இன்னும் இருக்கிறது. விரல்தான் மடங்க மாட்டேன் என்கிறது.) அந்தக் கறுப்புத் துணி கிழியாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் குளிரிலேயே எலி உள்ளே குடித்தனம் வந்துவிடும்.

ஃபோம் உட்காரும் இடத்தில் 40 டென்சிட்டி, முதுகுக்கு 32 இருந்தால் போதும். கன மீட்டருக்கு அத்தனை கிலோ என்று கணக்கு. இது குறைந்தால் இரண்டே வருஷத்தில் அப்பா ஒரு குழியிலும் அம்மா ஒரு குழியிலும் உட்கார்ந்திருப்போம். கடையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடாதே. கால்மணி நேரம் உட்கார். மாப்பிள்ளைக்குப் பொறுமை இருக்காது, அவரைக் காபி குடிக்க அனுப்பிவிடு.

மோட்டார் வைத்த ரிக்ளைனர் ஒன்றும் படத்தில் இருந்தது. அது வேண்டவே வேண்டாம். மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போனால், காலைத் தூக்கி வைத்த நிலையில் இருக்கிற உன் அம்மாவை யார் இறக்குவது? ரிப்பேருக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும். எல் வடிவ சோபாவும் வேண்டாம். ரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு 46 படி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் திருப்பம். நாலு பேர் தோளில்தான் வர வேண்டும். கால் கழற்றிப் பூட்டுகிற மாதிரி இருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

விசேஷம் மாசியில்தானே. அவசரப்பட்டு ஐப்பசியில் அனுப்பிவிடாதே. அந்த மாதம் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது, தார்ப்பாய் கட்டிய லாரியில் சோபா நனைந்து நிற்கும். பொங்கல் கழித்து அனுப்பு. வந்தபின் பார்த்துக்கொள்வது என் பாடு. சுவரை ஒட்டாமல் அரை அடி தள்ளிப் போடுவேன், ஹீட்டர் பக்கம் அண்ட விட மாட்டேன், காய்ந்த துணியில் துடைப்பேன். எண்ணெய்ப் பாட்டில் கிட்டே வராது, சத்தியம்.

இப்போது கயிறு. சிவப்பு நூல் சுற்றிய முனையைத் தரையில் வை. முதல் முடிச்சு 18 அங்குலம். சீட் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அம்மா எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கும். முட்டிவலி பற்றி அவள் உன்னிடம் சொல்வதில்லை. போன வாரம் கோயிலில் தரையில் உட்கார்ந்தவள் தூணைப் பிடித்துத்தான் எழுந்தாள். இரண்டாவது முடிச்சு 20 அங்குலம். சீட்டின் முன்விளிம்பிலிருந்து முதுகுச் சாய்மானம் வரைக்கும் அதுதான். அதற்கு மேல் ஆழமாக இருந்தால் அவள் உயரத்துக்கு முதுகு சாயாது, சாய்ந்தால் கால் தொங்கும். மூன்றாவது முடிச்சு நம் வாசல் கதவின் அகலம், 32 அங்குலம். கதவைக் கழற்றினால் இன்னும் ஒரு அங்குலம் கிடைக்கும். கைப்பிடி கெட்டியாக இருக்க வேண்டும், அம்மா ஊன்றி எழுவது அதில்தான்.

கயிற்றை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஃபுல் கிரெய்னா டாப் கிரெய்னா என்பதில் நீ ஏமாந்தால்கூட நான் சமாளித்துவிடுவேன். தோலை மாற்றலாம், ஃபோமை மாற்றலாம். முதல் முடிச்சில் மட்டும் விட்டுக் கொடுக்காதே.

நிறம் மெரூன் வேண்டுமாம் அம்மாவுக்கு. எந்த நிறமானாலும் அடுத்த நாளே மேலே பெட்ஷீட் விரிக்கப் போகிறாள். இருந்தாலும் மெரூனே பார்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கயிற்றைப் பேரன் கைக்கு எட்டாமல் வை. போன லீவில் என் தூண்டில் நூலில் இருந்த முடிச்சையெல்லாம் அவன்தான் அவிழ்த்தான்.