ஏற்காடு சைக்கிள் பயணம்: டிசம்பர் சுற்றறிக்கைக்குப் பதிலாக

சேலம்
5 ஜனவரி 2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒரு சுற்றறிக்கை கொடுத்தனுப்பியிருந்தேன். இலங்கையில் இரண்டு மருத்துவமனைகளுக்கு உதவுவதற்காக ஏற்காட்டுக்குச் சைக்கிள் பயணம், வீட்டுக்கு 500 ரூபாய் என்று அதில் இருந்தது. அந்தத் தாள் வீட்டில் கிடந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவசரத்தில் எழுதியது, அதில் தப்பும் இருந்தது. பயணம் உண்டு. 500 ரூபாய் கிடையாது. ஏற்கெனவே கட்டியவர்கள் அலுவலகத்தில் ரசீதைக் காட்டி இந்த வாரத்துக்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா எழுந்து, "டீச்சர், நம்மூர்லயே பெரியாஸ்பத்திரி இருக்கு. அதை விட்டுட்டு கடல் தாண்டி எதுக்கு?" என்றார். கைதட்டல் கேட்டது. நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்த யோசனையைத் தொடங்கியது நானில்லை. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து நம் பள்ளிக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. 2022இல் இலங்கையில் நெருக்கடி வந்தபோது யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் அம்மம்மா ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் வெறுங்கையோடு திரும்பி வந்ததை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அந்த வருடம் தமிழக அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை உயிர்காக்கும் மருந்துகள் என்று கப்பலில் அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். "கவர்ன்மெண்டு அனுப்பினாங்க சரி, நாம என்ன பண்ணோம்?" என்று பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்டிருக்கிறான். அங்கே ஆரம்பித்த பேச்சு இங்கே வந்து நிற்கிறது.

இனி அந்த அப்பாவின் கேள்வி. சேலத்தில் பெரிய நோய் என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு என்ன? "வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?" என் சித்தியை அப்படித்தான் கூட்டிப் போனோம். இருபது நாள் லாட்ஜில் தங்கி, ஸ்டவ்வில் கஞ்சி வைத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரேக்களைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். சித்தி நடந்தே ஊர் திரும்பினார். அந்த ஆஸ்பத்திரியை 1900இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளோடு கட்டடம் வந்தது. அதற்கான 10,000 டாலரைக் கொடுத்தவர் நியூயார்க்கில் இருந்த ஒரு பணக்காரர். அன்றைக்கு அந்த ஊர்க்காரர்களுக்கு வேலூர்தான் கடல் தாண்டிய ஆஸ்பத்திரி. "நம்மூர்ல இல்லாததா?" என்று அங்கேயும் யாராவது கட்டாயம் கேட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. சமூக அறிவியல் டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடரும் டாக்டர். அவர் கப்பலேறி வந்து முதலில் வைத்தியம் பார்த்த இடம் தமிழ்நாடு இல்லை, யாழ்ப்பாணம். 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, 1836இல்தான் சென்னைக்கு வந்தார். ஆக, வேலூருக்கு வைத்தியம் வந்த வழி யாழ்ப்பாணத்து வழி. அதே யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் பிறகு வந்த சாமுவேல் கிரீன் என்ற டாக்டர், பையன்களுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார். அதற்கென்று ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழ்வழிக் கல்வி பற்றி இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நாம், நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் நடந்த அந்த வகுப்பை எட்டிப் பார்க்கலாம். (இது என் பழைய புலம்பல். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாம் உதவப்போகும் ஆஸ்பத்திரிகளில் ஒன்று அந்த யாழ்ப்பாணத்தில். இரண்டாவது ஆஸ்பத்திரி இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. சேலம், திருச்சி, மதுரைப் பக்கத்துச் சனங்கள் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகளின் பேச்சை நம்பி மன்னார் வழியாகக் கண்டி மலைக்கு நடந்து போனார்கள் என்பது நாம் படித்ததுதான். அப்போது அங்கே காப்பித் தோட்டம். இங்கே சேர்வராயன் மலையில் என்ன பயிரோ அங்கேயும் அதே பயிர். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்து, அப்புறம் தேயிலை வந்தது. போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றும் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் மிதிக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வதில் தப்பில்லை.

அடுத்தது பணம். இங்கேதான் நான் சறுக்கினேன். நம் பள்ளியை நடத்துவது ஓர் அறக்கட்டளை. ஆடிட்டரிடம் கேட்டபோது, "டீச்சர், நல்ல வேளை கேட்டீங்க" என்றார். வரிவிலக்கு வாங்கிய அறக்கட்டளை இங்கே வசூல் செய்து வெளிநாட்டில் செலவழிக்க வேண்டுமென்றால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் செலவழித்த தொகைக்கு வரிவிலக்குப் போய்விடும். வெளிநாட்டிலிருந்து நாம் வாங்குவதென்றாலும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இருக்கிறது, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். 2022இல் தமிழக அரசுக்கே மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது. நாம் எம்மாத்திரம்?

ஆகவே இப்போது முடிவு செய்திருப்பது வேறு. நம் பழைய மாணவர்கள் பதினேழு பேர் கனடா, லண்டன், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பிள்ளைகள் போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று அவரவர் ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். பயணம் முடிந்ததும் மொத்தக் கிலோமீட்டரை எழுதி அனுப்புவோம். அவர்கள் தங்கள் நாட்டிலிருந்தே அந்த மருத்துவமனைகளின் நலன்புரிச் சங்கங்களுக்கு நேரடியாகக் கட்டி, ரசீதின் படத்தை நமக்கு அனுப்புவார்கள். ஒரு பைசாகூடப் பள்ளி வழியாகப் போகாது, வராது. பிள்ளைகள் தருவது கால்வலியை மட்டும்தான். ரசீதுகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

நாமும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று கேட்ட அம்மாக்களுக்கும், பின்வரிசை அப்பாவுக்கும் ஒரு வழி இருக்கிறது. பெரியாஸ்பத்திரி இரத்த வங்கிக்குப் போய் இரத்தம் கொடுங்கள். 18இலிருந்து 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயணத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். கூட வருகிறவர்கள் ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள்.

இனி பாதுகாப்பு. எனக்கும் தூக்கம் வராத விஷயம் இதுதான்.

பிளஸ் ஒன் படிக்கும்போது நானும் என் அண்ணனும் வாடகை சைக்கிளில் ஏற்காடு போனோம். வீட்டில் சொல்லவில்லை. ஏறும்போது பாதி தூரம் தள்ளினோம், அது பிரச்சனையில்லை. இறங்கும்போது பாதி வழியில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் நிற்கவில்லை. கம்பி பிரேக்குக்கு உள்ளே இருந்த கட்டை தேய்ந்து தேய்ந்து தகடாகியிருந்தது. ஒரு வளைவில் மண்மேட்டில் நானே வேண்டுமென்று போய் மோதினேன். எழுந்து ரிம்மைத் தொட்டேன், தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. என் தாடையில் இருக்கும் தழும்பைப் பார்த்து உங்கள் பிள்ளைகள் என்னென்னவோ கதை கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். உண்மைக் கதை இதுதான்.

அதனால் யாரும் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கப் போவதில்லை. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 20. நகரத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் வேகத்தை ரிம் பிரேக் ஒன்றுதான் பிடித்து நிறுத்த வேண்டும். விடாமல் அழுத்திப் பிடித்தால் சூடேறும், பனியில் நனைந்தால் வழுக்கும். அரசு கொடுத்த சைக்கிள் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஓட நல்ல சைக்கிள்தான், மலை இறங்கச் செய்தது இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் சைக்கிள்களைக் கயிறு கட்டிக் குட்டியானையில் ஏற்றிவிடுவோம். பெற்றோர் ஒருவர் இரண்டு வண்டி தருகிறார். பிள்ளைகள் பள்ளி பஸ்ஸில் இறங்குவார்கள்.

பயணம் ஜனவரி 24, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எல்லோரும் பள்ளியில் இருக்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் கிளம்பி ஹஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடிவாரத்தோடு திரும்புவார்கள். அடிவாரம் வரை சமதளம்தான் என்றாலும் கோரிமேட்டில் லாரியும் பஸ்ஸும் அதிகம் என்பதால் இருபது பேருக்கு இரண்டு ஆசிரியர்கள், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். மலை ஏறுவது பதினோராம் வகுப்பு மட்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு இருக்கிறது, அவர்கள் வேண்டாம். (என்னிடம் வந்து கெஞ்ச வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.) வார இறுதியில் பத்து மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் மலைப்பாதையை நிறைத்துவிடும். அதற்குள் முடிந்தவரை மேலே போய்விடப் பார்ப்போம். பத்தைத் தாண்டினால் எந்த வளைவில் இருக்கிறோமோ அங்கேயே பஸ்ஸில் ஏறிவிட வேண்டும்.

கியர் இல்லாத சைக்கிளில் இருபது வளைவையும் யாராலும் மிதித்து ஏற முடியாது. தள்ளிக்கொண்டு போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தள்ளிய தூரமும் கிலோமீட்டர் கணக்கில் சேரும். பழைய மாணவர்களிடம் இதைக் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். லண்டனில் நர்ஸாக இருக்கும் ஒருத்தி, "தள்றதுக்கு டபுள் ரேட் போட்டுக்கோங்க மிஸ்" என்று எழுதியிருக்கிறாள்.

ஜனவரி 10, சனிக்கிழமை காலை சைக்கிளோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக் அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிரேக் கட்டை, பிரேக் ஒயர், செயின், டயர், வீல் கோட்டம். தேறாத சைக்கிளின் சீட்டுக்கடியில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். அதைச் சரி செய்து மறுபடி காட்டாவிட்டால் பயணத்தில் சேர்க்க மாட்டோம். ஹெல்மெட் கட்டாயம். அது இல்லாத வீடுகள் சொல்லுங்கள், பள்ளியிலேயே கொஞ்சம் இருக்கிறது. பைக்குக்கு வைத்திருக்கும் பெரிய ஹெல்மெட்டைக் கொடுத்தனுப்ப வேண்டாம், கழுத்துத் தாங்காது.

சுவெட்டர், மப்ளர், ஒரு லிட்டர் தண்ணீர் (எவர்சில்வர் பாட்டிலில்). ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அடிவாரத்தில் மற்றவர்களின் கிலோமீட்டர் அட்டையில் முத்திரை குத்தும் வேலை இருக்கிறது. அந்த முத்திரை இல்லாவிட்டால் கிலோமீட்டர் கணக்கே நிற்காது. குரங்குகளுக்கு எதுவும் போடக் கூடாது. காலைச் சாப்பாடு இட்லி, பள்ளியின் செலவு. திரும்பி வந்ததும் எல்லோருக்கும் தட்டுவடை செட் என்று பி.டி. சார் வாக்குக் கொடுத்துவிட்டாராம். அது என் கணக்கில் இல்லை, அவர் சட்டைப்பையைத்தான் பார்க்க வேண்டும்.

முதன்மைக் கல்வி அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் கொடுத்திருக்கிறோம். அனுமதி கைக்கு வந்த பிறகே பயணம். வராவிட்டால் தேதி தள்ளிப்போகும், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கீழே இருக்கும் சம்மதச் சீட்டை அம்மா, அப்பா யாராவது ஒருவர் கையெழுத்திட்டு ஜனவரி 12, திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். பொங்கல் லீவு முடிந்து வரும் சீட்டுகளை வாங்க மாட்டோம். வராத பிள்ளைக்கு மதிப்பெண் குறையுமா என்று சிலர் கேட்டீர்கள். குறையாது. யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பல பிள்ளைகளின் சைக்கிளில் சீட் மிகவும் தாழ இருக்கிறது. மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். இன்றைக்கே ஏற்றி வையுங்கள், பத்து நிமிட வேலைதான்.

- - - - - - - - - - - - - - - - - - - -

சம்மதச் சீட்டு

மாணவர் பெயர், வகுப்பு:
அடிவாரம் வரை / ஏற்காடு வரை (ஒன்றை அடித்துவிடவும்):
உடல்நலக் குறைபாடு ஏதேனும் இருந்தால்:
ஹெல்மெட் இருக்கிறது / வேண்டும்:
அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் (வேலை நேரத்திலும் எடுக்கும் எண்ணாக இருக்கட்டும்):
பெற்றோர் கையெழுத்து: