அந்தப் பாலத்தைத் தாண்டி சூப் சூடாக வருமா?

உணவக நிர்வாகத்துக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை இரவு அம்மாவோடு சாப்பிட வந்தபோது எங்களுக்குச் சூப் ஆறிப்போய் வந்ததை உங்கள் மேற்பார்வையாளர் சொல்லியிருப்பார், அதனால் முழுக்கதையையும் திரும்ப எழுதவில்லை. அன்றைக்குக் கேட்டதைத்தான் இங்கேயும் கேட்கிறேன்: சூடாகச் சாப்பிட வேண்டியதைச் சூடாகக் கொடுங்கள்.

கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன். கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் மரம், நடுவில் குளம், குளத்துக்கு மேலே ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்தில் மரப்பாலம். யார் யோசித்தார்களோ, கைகாரர்தான். அண்ணாந்து பார்த்த அம்மா தலையைக் கீழே இறக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அன்றைய சாப்பாட்டிலேயே நன்றாக இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

சமையலறை குளத்துக்கு அந்தப் பக்கம், மேசைகள் இந்தப் பக்கம். எங்கள் சூப் கிளம்பி வந்ததை நானே பார்த்தேன். பாலத்தில் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. முதலில் எல்லாரும் சேர்ந்து, அப்புறம் குழந்தை மட்டும், குழந்தை கண்ணை மூடிவிட்டதால் மறுபடியும் ஒன்று. பரிமாறுகிற தம்பி தட்டை ஏந்தியபடி அந்த முனையிலேயே நின்றார். நகரச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை போலிருக்கிறது. கிண்ணத்து ஆவி மெலிந்து மெலிந்து இல்லாமலே போனது இங்கிருந்தே தெரிந்தது. அம்மாவுக்குப் புதுப் பல்செட்டு இன்னும் பழகவில்லை, அவரால் சாப்பிட முடிந்தது அது ஒன்றுதான். ஏடு படிந்த சூப்பில் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "விடுடா, பரவாயில்லை" என்றார்.

திருப்பி அனுப்பினோம். மைக்ரோவேவில் வைத்தார்கள், திரும்பவும் பாலம் தாண்டி வந்தது. கிண்ணம் கையைச் சுட்டது, உள்ளே சூப் வெதுவெதுப்புதான்.

சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உங்கள் சமையல்காரருக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிண்ணத்தை முன்கூட்டியே சூடுபண்ணி மேலே ஒரு மூடி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மூடி போட்டால் படத்தில் அழகாக விழாது என்பதுதான் காரணமோ?

இப்போதெல்லாம் புதிதாகத் திறக்கிற பல இடங்களில் இதே கதைதான். தட்டுக்குப் பதில் கல் பலகை, சாஸ் வழிந்து மேசைவிரிப்பில் ஓடும். மெனுவைப் படிக்க போனில் டார்ச் அடிக்க வேண்டும். சிறந்த உணவகங்களுக்கு மிஷ்லின் நட்சத்திரம் கொடுக்கிறவர்கள்கூட தட்டில் இருப்பதைத்தான் பார்க்கிறார்கள், கூரையில் தொங்குவதை அல்ல. உங்கள் குளத்து மீன்கள் மட்டும் நன்றாகக் கொழுத்திருந்தன, அவற்றுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது போல.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அந்தத் தம்பியைத் தயவுசெய்து திட்டாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பாலத்தைப் பரிமாறுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள், படம் எடுக்கிறவர்களுக்குக் குளக்கரையில் ஓர் இடம் ஒதுக்குங்கள், சூடான உணவைச் சூடாகக் கொடுங்கள். அம்மா இன்னும் அந்த மரத்தைப் பற்றித்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சூப் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பாலத்தைப் பார்த்தபடி மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தவன்