அரை மணி நேரம் போதும் என்ற வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாதப் பயணப் பகுதியில் திறந்தவெளிச் சிற்பத் தோட்டங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆவலோடு படித்தேன். இரண்டாம் முறை, என் கண்ணில் பட்டது சரிதானா என்று உறுதிசெய்துகொள்ளப் படித்தேன். "இத்தகைய இடங்களைச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும், வேடிக்கையான உருவங்களின்மேல் ஏறி அமர்ந்து நான்கு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு எதிர்ப்பக்கம் முழுவதும், பீங்கான் சில்லுகள் பதித்த ஒரு பெரிய பறவையின் கழுத்தில் கால்களைத் தொங்கவிட்டபடி அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவரின் வண்ணப்படம். ஒவ்வொரு பக்கத்தையும் தாங்கள் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புவீர்கள் என்று நம்பியே இத்தனை ஆண்டுகளாக இவ்விதழை வாங்கிவருகிறேன். ஆகவே இந்த வரி தங்கள் பார்வைக்குத் தப்பிவிட்டது என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பறவையை நான் அறிவேன். அது நிற்கும் தோட்டத்துக்கு இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனபோது, அதைச் செய்த பெரியவர் அதன் காலடியில் குந்தி உட்கார்ந்து, உதிர்ந்துபோன சில்லுகளுக்குப் பதிலாகப் புதியவற்றைப் பதித்துக்கொண்டிருந்தார். ஒரு சில்லை எடுப்பார். அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். கூரான பக்கம் சாந்துக்குள் போகும்படி திருப்பி, மழுங்கிய பக்கம் வெளியே இருக்குமாறு அழுத்துவார். எதற்காக இவ்வளவு பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "பிள்ளைகள் தொடாமல் போக மாட்டார்கள், கை கிழியக் கூடாது இல்லையா?" என்றார். ஒரு மணி நேரம் அருகிலேயே நின்றிருந்தேன். அதற்குள் என் உள்ளங்கை அகலத்துக்குத்தான் வேலை நகர்ந்திருந்தது.

இரண்டாம் முறை போனபோது கழுத்தின் அடிப்பகுதியில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மூன்றாம் முறை அந்தப் பெரியவர் இல்லை. வெடித்த இடத்தில் யாரோ சிமென்டை அப்பி, சில்லுகளின் நிறத்துக்குச் சற்றும் ஒட்டாத நீல பெயின்டைப் பூசியிருந்தார்கள். சென்ற முறை போனபோது, விளக்கு வயரைக் கொண்டுசெல்வதற்காக அதன் இறக்கையில் ஆணி அடித்திருந்தார்கள். அவர் பெயர் எழுதிய பலகை இருந்த இடத்தில் பலகை இல்லை. தங்கள் வண்ணப்படத்தில் அந்த இளைஞரின் முழங்காலுக்குக் கீழே தெரியும் நீலத் திட்டு, நான் சொல்லும் அந்தப் பூச்சுதான்.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. ஒருமுறை மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, பள்ளி வளாகத்தில் நான்கடி நீளத்துக்கு ஓர் ஆமையைச் செய்தேன். கம்பியை வளைத்து, கோழிவலையைச் சுற்றி, கலவை பூசி, மேலே உடைந்த தட்டுகளின் சில்லுகளைப் பதிக்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. மறு ஆண்டே அதன் முதுகில் வெடிப்பு கண்டது. காரணத்தைத் தேடித் தெரிந்துகொண்டபோதுதான் இந்த வேலையின் கடினம் எனக்கு விளங்கியது. சிமென்டுக்குள் இருக்கும் கம்பிக்குத் தண்ணீர் எட்டினால் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்த இரும்பு தன்னை மூடியிருக்கும் சிமென்டை உள்ளிருந்தே பிளக்கும். பிளவு வழியே இன்னும் தண்ணீர் இறங்கும். தரையில் படுத்திருக்கும் ஆமைக்கே அந்தக் கதி என்றால், பிடிமானம் ஒரு முனையில் மட்டுமே இருக்க, வெளியே நீண்டு நிற்கும் பறவைக் கழுத்தின் நுனியில் வளர்ந்த ஆள் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பி மயிரிழை அளவு வளைந்து மறுபடி நிமிர்ந்துவிடும். சிமென்டுக்கு வளையத் தெரியாது. அப்போது விழும் கீறல் கண்ணுக்குத் தெரிவதில்லை, படத்திலும் விழுவதில்லை.

எல்லாச் சிற்பங்களையும் தொடாமல் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நீக்கி த சேன்ட் ஃபால் என்ற பெண் சிற்பி ஜெருசலேமில் செய்த 'கோலெம்' என்ற பூதத்தின் மூன்று நாக்குகளும் குழந்தைகள் சறுக்கி விளையாடும் சறுக்குமரங்கள். ஏறுவதற்கென்றே, அந்தப் பாரத்தைத் தாங்கும்படியே அது கட்டப்பட்டது. எதில் ஏறலாம், எதைத் தொடலாம், எதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் செய்தவர் தீர்மானித்திருக்கிறார். ஓஸ்லோவின் விகெலான் பூங்காவில், கோபத்தில் காலை உதைத்து நிற்கும் சிறுவனின் வெண்கலச் சிலைக்கு இடது கை மட்டும் பொன்போல் பளபளக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் பற்றிப் பற்றித் தேய்த்ததால். வெண்கலமே அப்படித் தேயும்போது, சாந்தில் ஒட்டிய பீங்கான் சில்லு எம்மாத்திரம்?

கட்டுரையாளர் 'வேடிக்கை' என்ற சொல்லை ஏழு இடங்களில் பயன்படுத்தியிருக்கிறார். அந்தச் சொல்மேல் எனக்குப் பகையில்லை. திறந்த வாய்க்குள் நம்மை நடந்து போகவிடும் அரக்கனையும், வயிற்றுக்குள் படிக்கட்டு வைத்திருக்கும் விலங்கையும் பார்த்து நானும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் சிரிக்கவைக்கும் உருவத்தைச் செய்தவரும் பொழுதுபோக்காகத்தான் செய்திருப்பார் என்ற எண்ணம் அக்கட்டுரையின் ஒவ்வொரு பத்தியிலும் இருக்கிறது. பிரான்சில் ஃபெர்டினான் ஷெவால் என்ற தபால்காரர், 1879இல் வழியில் கால் இடறிய ஒரு கல்லில் தொடங்கி, 33 ஆண்டுகள் கல் பொறுக்கித் தனி ஆளாக ஒரு கனவு மாளிகையைக் கட்டினார். பகலில் தபால் கொடுத்து நடந்த கால்களோடுதான் அந்த வேலையையும் பார்த்தார். இத்தாலியில், குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுகளின் உருவங்களைச் சிற்பங்களாக்கிய தம் டாரட் தோட்டத்தை எழுப்ப நீக்கி த சேன்ட் ஃபால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்தார். பல ஆண்டுகள் அங்கிருந்த சிற்பம் ஒன்றின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்தார். சிற்பங்களுக்குப் பயன்படுத்திய செயற்கைப் பொருள்களின் புகையையும் தூசியையும் சுவாசித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை தனியாக எழுப்பிய கோபுரங்களில் மிக உயரமானது ஏறக்குறைய 30 மீட்டர் இருக்கும். அவை பாதுகாப்பற்றவை என்று இடிக்க உத்தரவிட்ட நகர நிர்வாகம், 1959இல் ஏறத்தாழ 4,500 கிலோ விசையில் பக்கவாட்டாக இழுத்துச் சோதித்துப் பார்த்தது. கோபுரம் அசையவில்லை. இவற்றை எல்லாம் தாங்கள் அறிவீர்கள். அறிந்தவர் நடத்தும் இதழில் இந்தக் கட்டுரை வந்ததுதான் என்னை இவ்வளவு வருத்துகிறது.

சண்டிகரின் ராக் கார்டனுக்கு அக்கட்டுரை ஒதுக்கியது மூன்றே வரிகள். அதை உருவாக்கிய நேக் சந்த் என்பவரின் பெயரே அந்த மூன்று வரிகளில் இல்லை. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த அவர், புதிய நகரத்தைக் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் மிச்சங்களை, உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் கழிவறைப் பீங்கானையும் சுமந்துபோய், எதையும் கட்டக் கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த காட்டு நிலத்தில், 1950களின் இறுதியிலிருந்து ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் ஒரு உலகத்தையே அடுக்கினார். கண்டுபிடிக்கப்பட்டபோது சட்டப்படி அத்தனையும் இடித்துத் தள்ளப்பட்டிருக்க வேண்டியவை. 1976இல் அந்தத் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு, 1996இல் அவர் வெளிநாடு சென்றிருந்த நேரத்தில் சிலைகள் அடித்து நொறுக்கப்பட்டன. திரும்பி வந்து அவற்றைப் பார்த்த அந்த மனிதரின் முகத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 2015இல் அவர் மறைந்தபோது தங்கள் இதழில் ஒரு வரிகூட வரவில்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன். எழுதாமல் விட்டது என் தவறு.

எழுதிய கடிதமும் ஒன்று உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, இத்தாலியின் பொமார்சோ தோட்டத்தில் 16ஆம் நூற்றாண்டில் வேண்டுமென்றே சாய்வாகக் கட்டப்பட்ட வீட்டின் படத்தைத் தாங்கள் வெளியிட்டீர்கள். படம் கோணலாக இருப்பதாக எண்ணி யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள். வீடு நேராக நிற்க, அதைச் சுற்றியிருந்த மரங்கள் எல்லாம் சாய்ந்து நின்றன. அந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் தரை நழுவுவதுபோல் தலை சுற்றவைப்பதற்காகவே அதைக் கட்டியவர் அப்படிக் கட்டினார் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. அதே இதழில் ஒரு சமையல் குறிப்பில் நேர்ந்த அச்சுப்பிழைக்கு மறு மாதமே வருத்தம் தெரிவித்திருந்தீர்கள். அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மனக்கசப்பை இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது தங்களிடம் நான் கேட்பவை மிகச் சிறியவை. சென்ற மாதக் கட்டுரையில் ஒன்பது படங்கள் இருந்தன. படம் எடுத்தவரின் பெயர் ஒன்பதின் கீழும் இருக்கிறது, சிற்பம் செய்தவரின் பெயர் ஒன்றின் கீழும் இல்லை. இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, செய்தவர் பெயர், செய்த ஆண்டு, என்ன பொருளால் செய்தது என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். அடுத்த இதழில், அனுமதி உள்ளவை தவிர மற்றச் சிற்பங்களின்மேல் ஏற வேண்டாம் என்று ஒரு சிறிய குறிப்பும் வந்தால் நன்றாக இருக்கும். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த விடுமுறையில் எத்தனை குடும்பங்கள் புறப்படும் என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பறவையின் கழுத்தை நான்கு முறையும் நான் எடுத்த படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் படத்தின் ஓரத்தில் தெரியும் கை அந்தப் பெரியவருடையது. இவற்றை அச்சிட வேண்டியதில்லை. தாங்களும் கட்டுரையாளரும் பார்த்த பிறகு, உறையின் பின்புறம் உள்ள முகவரிக்குத் திருப்பி அனுப்பினால் போதும். என்னிடம் வேறு பிரதி இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை