செல்வத்துக்கு, ஒரு கண் விஷயமாக

ஹைலண்ட் பார்க், நியூ ஜெர்சி

அன்புள்ள செல்வம்,

திட்டாதே. பொங்கலுக்கு எழுதுகிறேன் என்று சொன்னவன் இங்கே வெயில் வந்தபிறகு எழுதுகிறேன். எல்லோரும் நலம். பெரியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, பணத்தைப் பற்றிக் கேட்காதே. பாலு சார் தவறிப்போனதை மொட்டை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ ஏன் சொல்லவில்லை என்பதற்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன்.

இப்போது, தினமும் கண் பரிசோதிக்கிற உன்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. பேச்சுக்கு நடுவே இழுத்துவிட்டால் "சரி, ரிப்போர்ட்டை அனுப்பு" என்று முடித்துவிடுவாய். முழுக்கதையும் தெரியாமல் நீ பதில் சொல்லக்கூடாது என்பதால்தான் கடிதம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், மாங்காய் ஊறுகாயைப் பாட்டிலோடு தூக்கிப் போனவர். அவர் வீட்டு அம்மாள் லேபிளைப் படித்துப் பார்த்துவிட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்தார், அது வேறு கதை. இந்தப் பேட்டையில் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் நிறைய. சனிக்கிழமை வண்டி ஓட்டமாட்டார்கள் என்பதால் ஜெப ஆலயத்துக்கு நடந்து போகிற தூரத்திலேயே வீடு பார்த்துக்கொள்கிறார்கள். பெரியவர் அங்கே தோராவை, அதாவது பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களை, வாசிப்பவர். பால் கோரே என்பார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக வாசிக்கிறார்.

வாசிப்பதில் என்ன இருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். மோசேயின் ஐந்து ஆகமங்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வாரம் ஒன்று, சில வாரம் இரண்டு. வருஷத்தில் ஒரு சுற்று. முடிகிற அன்றைக்கே உபாகமத்தின் கடைசியை வாசித்துவிட்டு, மூச்சு விடாமல் ஆதியாகமத்தைத் தொடங்குகிறார்கள். திங்கள், வியாழனிலும் கொஞ்சம் வாசிப்பு உண்டு. அவை பழைய சந்தை நாட்கள், கிராமத்து ஜனங்கள் ஊருக்குள் வருவார்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் யாரும் தோராவைக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது என்ற ஏற்பாடாம்.

கஷ்டம் சுருளில்தான் இருக்கிறது. தோல் சுருள், 3,04,805 எழுத்துகள், அத்தனையும் கையால் எழுதியவை. உயிர்க்குறிகள் கிடையாது, வெறும் மெய்யெழுத்துகள். வசனம் எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. ராகக் குறியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ராகம் உண்டு, அது தப்பக் கூடாது. அந்தக் குறிகளெல்லாம் அச்சுப் புத்தகத்தில் இருக்கும், வாரம் முழுக்க அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு சனிக்கிழமை மொட்டைச் சுருளின் முன் போய் நிற்க வேண்டும். (நம் மொட்டையைச் சொல்லவில்லை.) இருபுறமும் இரண்டு பேர் காவல். சொல்லின் பொருள் மாறும்படி ஒரு உயிரொலி பிசகினால் போதும், உடனே திருத்திவிடுவார்கள், திரும்பப் போய்ச் சரியாக வாசித்தாக வேண்டும். நான் ஒரு சனிக்கிழமை பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். வாசித்தவர் சறுக்கியதும் சபையில் நாலு மூலையிலிருந்தும் குரல் வந்தது. அதில் ஒன்று பத்து வயதுப் பையனுடையது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பாலு சார் வகுப்பில் நாம் இப்படிக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்குப் பிடித்தமாதிரி ஒன்று சொல்கிறேன். சுருளில் ஒரு எழுத்து மங்கி, இதுவா அதுவா என்று சந்தேகம் வந்தால் ரப்பி (அவர்கள் மதகுரு) தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு "இது என்ன எழுத்து?" என்று கேட்கிறார்கள். படு கெட்டிக்காரனாக இருக்கக் கூடாது, அவன் முன்பின் சொல்லை வைத்து ஊகித்துவிடுவான். மந்தமாகவும் இருக்கக் கூடாது. எழுத்து மட்டும் தெரிந்தவன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதுதான் செல்லும். சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிவைத்து நீ தினம் செய்கிற வேலையேதான், செல்வம்.

பெரியவருடைய வாசிப்புச் சாதகம் எல்லாம் எங்கள் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. இந்த வாரப் பகுதி எண்ணாகமத்தில் ‘நாசோ’. 176 வசனம், எல்லாவற்றிலும் நீளமானது. பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள் ஆளுக்கொரு நாள் காணிக்கை கொண்டுவருகிறார்கள், அத்தனையும் அச்சாக ஒன்றே: 130 சேக்கல் (பழைய எடை அளவு) வெள்ளித் தாலம், 70 சேக்கல் வெள்ளிக் கலம், 10 சேக்கல் பொன் கரண்டி. அதைப் பன்னிரண்டு தடவையும் முழுசாக வாசித்தாக வேண்டும், "மேற்படி" என்று போட்டுத் தாண்ட முடியாது. முதல் வருஷம் எங்கள் வீட்டில் டேப்ரெக்கார்டர் மாட்டிக்கொண்டதோ என்று தேடினோம்.

அப்புறம் ராகத்தில் ஷல்ஷேலேத் என்று ஒரு குறி. குரல் மூன்று முறை ஏறி இறங்கி நீண்டு நடுங்கும். ஐந்து ஆகமத்திலும் சேர்த்து நாலே இடத்தில் வருகிறது. போத்திபாரின் மனைவி ஆசைப்பட்டு அழைக்க, யோசேப்பு மாட்டேன் என்கிற இடம் அதில் ஒன்று. "மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது பார்த்தாயா" என்று பெரியவர் கண்ணடித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கண்தான் போய்க்கொண்டிருக்கிறது. வயசால் வருகிற மாக்குலர் கோளாறு, விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போவது. இடது கண்ணில் நடுப்பார்வை இல்லை. வலதுகண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ஓரத்தில் தெரிகிறது, பார்க்க வேண்டிய இடத்தில் கறை.

உடனே நீ கேட்பாய், மனப்பாடமாகத் தெரியுமே, சொல்லிவிட்டுப் போகலாமே என்று. நானும் கேட்டேன். வேதத்தை எழுதாமல் காதாலேயே காத்த ஊர்க்காரர்களுக்கு அது இயல்பான கேள்வி. இங்கே நேர் எதிர். எழுதப்பட்டதைச் சபையில் மனப்பாடமாகச் சொல்லக் கூடாது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்டநூல் ஓரெழுத்துகூடக் கூடாது, ஆகவே பார்வையற்றவர் வாசிக்க முடியாது என்கிறது. கிராக்கோவின் மோசே இஸ்ஸர்லெஸ் கொஞ்சம் இளக்கினார்: இப்போது அழைக்கப்படுபவருக்காக வேறொருவர்தானே வாசிக்கிறார், அதனால் பார்வையற்றவரையும் மேடைக்கு அழைக்கலாம். சனிக்கிழமை ஏழு பேரை அழைப்பார்கள், முன்னும் பின்னும் ஆசிச் சொல் சொன்னால் போதும். சபையில் பெரியவரிடம் அதைத்தான் சொல்கிறார்கள். அவருக்கு அது பென்ஷன் பேப்பரை நீட்டுவதுபோலப் படுகிறது.

போன வாரம் படியில் உட்கார்ந்து அவர் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. "நான் எழுத்தைப் பார்த்து வாசிக்கிறேனா, நினைவிலிருந்து வாசிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சபைக்கும் தெரியாது, ஏனென்றால் நான் தப்பு விடுவதில்லை." தப்பு விட்டால் திருத்த அத்தனை பேர் இருக்கிறார்கள். தப்பே விடாத மனுஷனை யார் பிடிப்பது? இரண்டு மாதமாக இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். ரப்பியிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துப்போய், வெயிலைப் பற்றி ஏதோ பேசினேன்.

அவருடைய அப்பாவும் வாசிப்பவராம். பைபிளில் வரும் வேதபாரகர் எஸ்றா எருசலேமின் தண்ணீர் வாசல் முன் மரமேடையில் ஏறி விடியலிலிருந்து நடுப்பகல்வரை வாசித்த கதையை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். கல்லூரிச் சுற்றுலாவில் கொச்சி மட்டாஞ்சேரி யூத ஆலயத்துக்குப் போய் நீ செருப்புக்காகச் சண்டை போட்டாயே, அங்கே பித்தளைத் தூண் மேடையைத் தவிர மாடியிலும் ஒரு மேடை உண்டு, ஞாபகமிருக்கிறதா? அந்தக் காலத்தில் சனிக்கிழமைகளில் அங்கிருந்துதான் தோரா வாசிப்பார்களாம். அதைச் சொன்னதும் படம் கேட்டார். உன்னிடம் இருந்தால் அனுப்பு, செருப்பில்லாத படமாக.

இனி உன் வேலை. கண்ணாடி, லென்ஸ் எல்லாம் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் ஓய்வுநாளில் மின்சாரக் கருவி எதையும் இயக்கமாட்டார், திரையில் பெரிதாக்கிக் காட்டுவதெல்லாம் நடக்காது. தோலைக் கையால் தொடுவதும் இல்லை, நுனியில் குட்டிக் கை வைத்த வெள்ளிக் கோலால்தான் வரியைக் காட்டுவார்கள். அதனால் சுருளின் மேல் வைக்காமல் நிறுத்துகிற மாதிரி லென்ஸ் வேண்டும். பெரும்பாலும் ஒரு பத்திக்கு 42 வரி, எழுத்து அவ்வளவு சின்னதில்லை. ஓரப்பார்வையால் படிக்கப் பழக்குவார்கள் என்று நீதான் எப்போதோ சொன்னாய், இந்த வயசில் அது வருமா? ரிப்போர்ட் நகல் இத்துடன் இருக்கிறது, அவர் மனைவிதான் கொடுத்தார், அவருக்குத் தெரியாது.

முடியாது என்றால் அதையும் மழுப்பாமல் எழுது. எதைச் சொன்னாலும் இங்குள்ள டாக்டரிடம் காட்டிக்கொண்டுதான் செய்வோம், உன் தலையில் பழி வராது. ஞாயிறு இரவு கூப்பிடுகிறேன், போனை எடு. மொட்டைக்கு இதெல்லாம் தெரியவேண்டாம், ஊருக்கே சொல்லிவிடுவான்.

அன்புடன்,
ராகவன்