வளைவில் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திய அண்ணனுக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு ஓரிடத்தில் சட்டென்று மடங்கும். மதில் மறைப்பதால் எதிரே வருவது கடைசி வரை தெரியாது. நடைபாதை இல்லை, சாக்கடை மூடி மேல்தான் நடக்கணும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். அம்மாவுக்கு அந்த வளைவைத் தாண்டவே அரை நிமிடம் ஆகும்.

போன பிரதோஷத்தன்று பாடலீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, உரசிக்கொண்டு போன பைக்கில் மிரண்டு அம்மா வளைவிலேயே விழுந்துவிட்டார். கரண்டும் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணா, நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோவை எங்களுக்கு முன்னால் குறுக்கே போட்டு, விளக்கை எரியவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் செல்போன் டார்ச்சை ஆட்டி வண்டிகளை நிறுத்தினீர்கள். உள்ளே இருந்த சவாரியிடம் "ரெண்டு நிமிஷம்மா" என்றீர்கள். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, கழன்று கிடந்த செருப்பைக் குனிந்து மாட்டிவிட்டீர்களே, அதை என்னால் மறக்கவே முடியாது. பெற்ற பிள்ளை செய்கிற வேலை அது.

"வளைவுல வெளிப்பக்கமா நடங்கம்மா, வண்டிக்காரன் தூரத்துலயே பார்த்துருவான்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டீர்கள். பேரைக்கூடக் கேட்கவில்லை நான்.

மறுநாள் மதில் முனையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டியிருந்தது. ஒட்டியது நீங்கள்தான் என்கிறார் டீக்கடைக்காரர். இப்போது இரவில் வண்டிகள் அங்கே வேகம் குறைக்கின்றன, கண்ணால் பார்க்கிறேன்.

ரொம்ப நன்றி அண்ணா. அம்மா உங்களைப் பார்க்கணும் என்கிறார். அடுத்த பிரதோஷத்துக்கும் கோயில் வாசலில் இருப்போம்.